பிரக்கிராசிப் படிப்பின் இலாபம்

உலகத்திலே நட்டம் என்பதையே அறியாத முதலீடு ஒன்றுண்டு. அது பெற்ற மகனைச் சட்டம் படிப்பித்து, கறுப்புக் கோட்டுப் போட்ட பிரக்கிராசியாக்கிப் பொலிஸ் கோட்டுக்கு வழக்குப் பேச அனுப்புவது. இதை நிரூபிக்கக் கடவுள் தெரிந்தெடுத்த உதாரணம் அடியேன்.

1931 தை மாதம், கோப்பாயில், எங்கள் வீட்டு விறாந்தையில் இதுபற்றிய 'ஆலோசனைச் சபை' கூடியது. தலைமை என் தகப்பனார் நமசிவாயம், எங்களுக்கு அப்பு. நிபுணர் என் அம்மான் தம்பிராசா. பதினொரு வழக்குத் தோற்ற அனுபவசாலி.

"அத்தான், எங்கடை ஊரிலை எத்தினை வேலி?"

"முந்நூறு வரும்."

"வேலிக்கு ஒரு சண்டை. சண்டைக்கு ரண்டு மண்டை. மண்டைக்குப் பத்து ரூபா பீஸ். கணக்கைப் போடுங்கோ!"

அப்பு போட்டார். கொழும்புப் படிப்புக்கு மூவாயிரத்தைந்நூறு. ஒரே வருடத்தில் வரவோ ஆறாயிரம். கனவான்கள் இருவரும் கண் கலங்கினார்கள்.

செலவுக்குப் பணம்? அச்சுவேலியிலிருந்த புகையிலைத் தோட்டம். அது தங்கச்சி குணலட்சுமிக்கென்று ஒதுக்கிய சீதனம். அதை ஈடு வைப்பது, நான் உழைத்து இரண்டு வருடத்தில் மீட்பது, மீட்டதும் அவளைக் கட்டிக்கொடுப்பது என்று 'ஏகமனதாக'த் தீர்மானமாயிற்று. அடுப்படியில் நின்றவளையும் ஒரு பேச்சுக்குக் கேட்டார்கள்.

"அண்ணை படிக்கட்டும். எனக்கென்ன அவசரம்," என்றாள்.

படித்தேன். தேறினேன். வாசற் படலையில் என் பெயர் பொறித்த பித்தளைப் பலகை தொங்கியது. அன்றோடு ஊரிலே குற்றம் செத்தது.

பக்கத்து வளவுப் பஞ்சலிங்கமும் அவர் மச்சானும் பனைமட்டையோடு ஒருநாள் மல்லுக்கு நின்றார்கள். ஆசையோடு ஓடினேன்.

"பொறு, பொறு! உவன் பிரக்கிராசி வாறான். கண்டால் வழக்காக்கிப் போடுவான்," என்றார் மச்சான்.

இருவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். மண்டைகள் தப்பின. இருபது ரூபா போயிற்று.

ஒன்றரை வருடம் இந்தக் கொடிய சமாதானம் நீடித்தது. நல்லூரில் பேசிவைத்த மாப்பிள்ளை தேவராசா வீட்டார் மாதாமாதம் ஆளனுப்பி, "தோட்டம் மீண்டுதோ?" என்று அன்போடு விசாரித்தார்கள்.

"ஒருத்தனும் அடிபடுறானில்லை. என்ன காலமடா இது!" என்று அப்பு மனம் நொந்தார். பொதுநலம் கருதி, அந்த வருட வேலியடைப்பில் எல்லை வேலியின் கதியால் தடிகளைப் பிடுங்கி, பஞ்சலிங்கத்தின் காணிக்குள் ஒரு முழம் தள்ளி நட்டார்.

பஞ்சலிங்கம் ஏமாற்றவில்லை, வழக்கு வைத்தார். நான் என் கறுப்புக் கோட்டுக்கு இஸ்திரிப் பெட்டி போட்டேன். அப்புவோ சால்வையை உதறிக்கொண்டு பட்டணத்துக்குக் கிளம்பினார்.

"எங்கை போறியள்? நான் இருக்கிறனெல்லே?"

"நீ இரு தம்பி. இது உண்மையான வழக்கு."

பட்டணத்துப் பெரிய பிரக்கிராசிக்கு எழுபத்தைந்து ரூபா. தவணைக்குத் தவணை மேலும் மேலும். அவ்வளவும் ஈட்டுக் கடனோடு ஏறியது. அப்பு தோற்றார். ஐம்பது ரூபா குற்றப்பணம். கதியால்கள் பழைய இடத்துக்கு வந்தன, தோட்டம் வரவில்லை. அது ஈடு பிடித்த சுருட்டு முதலாளிக்கே அறுதியாய்ச் சொந்தமாயிற்று.

நல்லூரார் கடைசித் தடவையாக வந்து, "தோட்டம் இல்லையெண்டால் நாங்கள் வேறை இடம் பாக்கிறம்," என்று சொல்லி, கோப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

குணலட்சுமி கோப்பைகளைப் பொறுக்கினாள். என்னிடம் வந்து, "அண்ணை, கோட்டைக் கழட்டித் தாங்கோ. ஊத்தையாக் கிடக்கு. நாளைக்கு ஆராவது வழக்கோடை வந்தால்?" என்றாள். கிணற்றடியில் அதை அவள் கும்மும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன்.

சட்டம் தெளிவாக இருக்கிறது: பிறர் பொருளில் அசையும் பொருளை எடுத்தால்தான் களவு. காணி அசையாது. ஆகவே தங்கச்சியின் தோட்டத்தைத் தின்றவன் கள்வன் அல்லன். படிக்காதவனாக இருந்தால் இந்த நுட்பம் தெரியாமல் வெட்கப்பட்டே செத்திருப்பேன்.

நான் வாதாடி விடுதலை வாங்கிக் கொடுத்த முதல் கட்சிக்காரன் நானேதான்.