அரவணைப்பு உதவித்தொகையும் ஏழாம் தூணும்

ஆறுகள் அதிகமாகவும் வெட்கம் குறைவாகவும் இருந்த ஒரு நாட்டின் கதை இது. பன்னாற்று நாடு என்று பெயர். எந்தத் திசையில் நாலு காதம் நடந்தாலும் ஓர் ஆறு குறுக்கே வந்து நிற்கும். ஆகவே பாலம் கட்டத் தெரிந்தவர்களுக்கு அங்கே அரசனுக்கு அடுத்த மரியாதை. அந்தக் கலையைக் கற்பிக்க அரச பொறியகம் என்றொரு கல்விக்கூடம் இருந்தது. அங்கே முனைவர் பட்டம் பெற்றவருக்கு ஒரு வெள்ளிக்கோல் கொடுப்பார்கள். அந்தக் கோலை உயர்த்தினால் எப்பேர்ப்பட்ட பாலவேலையும் அந்த நொடியே நின்றாக வேண்டும். கோல் இல்லாதவர் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு மண்வெட்டிகூட நிற்காது.

முந்நூறு ஆண்டுகளாக அந்தக் கோலைப் பிடித்தவர்கள் எல்லாரும் கோட்டையைச் சுற்றியிருந்த ஏழு தெருக்களைச் சேர்ந்தவர்கள். நாட்டில் வேறு ஆட்களே இல்லையா என்றால், இருந்தார்கள். அரச பரம்பரை வந்து சேர்வதற்கு முன்பே அங்கே வாழ்ந்த மலையார் இருந்தார்கள். பழைய மன்னர் ஒருவர், யாருடைய சம்மதமும் கேட்காமல், கப்பலில் அள்ளிக்கொண்டு வந்து உப்பளங்களில் இறக்கிவிட்ட உப்பளத்தார் இருந்தார்கள். அவர்களுக்கும் பாலத்தில் வேலை உண்டு. பாலத்தின் மேலே இல்லை, அடியில்.

ஆற்றுக்குள் ஒரு தூண் நிற்க வேண்டுமானால் முதலில் வட்டமாக ஒரு சுவர் எழுப்புவார்கள். ஆட்கள் அதற்குள் இறங்கி மண்ணைத் தோண்டத் தோண்ட, சுவர் தன் கனத்தாலேயே கீழே இறங்கும். தூண்கிணறு என்பது இதுதான். இதில் பன்னாற்று நாட்டுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. கிணற்றின் அடியைக் கோல் பிடித்த முனைவர் தம் கண்ணால் பார்த்துச் சான்றளிக்க வேண்டும். முனைவர் கிணற்றில் இறங்கமாட்டார், பட்டு அங்கி நனைந்துவிடும். ஆகவே கரையில் நிழற்பந்தல் போட்ட மேடையிலிருந்து அவர் பார்ப்பதற்காக, கிணற்றிலிருந்த தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் இறைத்துவிடுவார்கள். இறைத்த சிறிது நேரத்தில், உள்ளே ஆட்கள் இருக்கும்போதே, பல கிணறுகள் சரிந்தன. ஆற்றுக்குக் கோபம் என்று முனைவர்கள் எழுதி வைத்தார்கள்.

செம்பி மலையார் பெண். அவளுடைய அப்பாவும் இரண்டு மாமன்களும் அப்படிச் சரிந்த கிணறுகளில் போனவர்கள். அண்ணன் மாதன் இப்போது நெடியாற்றின் புதுப்பாலத்தில், ஏழாம் தூணின் கிணற்றில் தோண்டிக்கொண்டிருந்தான். ஆற்றுக்குக் கோபம் என்ற விளக்கம் அவளுக்குச் சின்ன வயதிலேயே கசந்துவிட்டது. இவர்கள் ஏன் தண்ணீரை இறைக்கிறார்கள் என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு, கிடைத்த பள்ளியில் எல்லாம் தலைகீழாக நின்று படித்தாள்.

அந்தச் சமயத்தில் அண்டை நாட்டுத் தூதர் ஒருவர் விருந்தில் பாயசத்தைக் குடித்தபடி, "உங்கள் பொறியகத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி மூக்கு இருக்கிறதே, எப்படி?" என்று கேட்டுத் தொலைத்தார். அரசருக்கு மானம் போயிற்று. மறுவாரமே அரவணைப்பு உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. பொறியகத்தில் ஒருவர்கூட இல்லாத குடிகளிலிருந்து இருவர் முனைவர் படிப்புக்குச் சேர்க்கப்படுவார்கள், அவர்களுடைய ஐந்தாண்டுச் செலவை அரசு ஏற்கும் என்று முரசறைந்தார்கள். மலையாரில் செம்பியும் உப்பளத்தாரில் தோணன் என்ற கெட்டிக்காரனும் தேர்வானார்கள்.

ஊருக்குப் போய்ச் சொன்னபோது மாதன் நெடுநேரம் சிரித்தான். பிறகு, "கோலு கைக்கு வந்தா என்ன புள்ள செய்வே?" என்று கேட்டான்.

"தண்ணிய எறைக்காதீங்கன்னு சொல்லுவேன் அண்ணா. உள்ள தண்ணி கொறைஞ்சா வெளித்தண்ணி அடி மண்ணத் தள்ளிக்கிட்டு மேல வருது. அதான் சரியுது. தண்ணியோடயே தோண்டலாம்."

"இது எங்களுக்கே தெரியும்ல."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன, கோலு வேணுமே."

பொறியகத்தின் தலைவருக்குக் கல்விநாயகம் என்று பட்டம். அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் திருவுளநம்பி. பேசத் தொடங்கினால் தாமே கேட்டு உருகக்கூடியவர். அவர் முதல் ஆணையை முதல் வாரத்திலேயே போட்டார். அரவணைக்கப்பட்டவர்கள் வாரத்தில் நாலு நாள் வாசலில் நின்று விருந்தினர்களை வரவேற்க வேண்டும், அரவணைப்பு நடப்பது வெளியே தெரிய வேண்டாமா? செம்பியும் தோணனும் மாலையும் கையுமாக நின்றார்கள். ஓவியர்கள் வந்து வரைந்தார்கள். நாட்டின் நாற்சந்திகளில் எல்லாம் செம்பியின் முகம் சிரித்தது. அவள் சிரித்ததில்லை. ஓவியர் சேர்த்துக்கொண்டது அது.

இரண்டாம் ஆண்டில் ஒரு சட்டச் சிக்கல் கிளம்பியது. பொறியகத்தில் ஒருவர்கூட இல்லாத குடிக்குத்தான் உதவி. செம்பி சேர்ந்துவிட்டதால் மலையாரில் ஒருவர் இருக்கிறார். ஆகவே மலையாருக்கு உதவி கிடையாது. ஆகவே செம்பி வெளியே போக வேண்டும், அதே கணக்கில் தோணனும். சட்ட வல்லுநர்கள் ஏழு நாள் உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்தார்கள்.

கல்விநாயகம் கண் கலங்கினார். அவரே ஒரு வழியும் கண்டார். செம்பியும் தோணனும் பொறியகத்துக்குள் காலெடுத்து வைக்காமல் இருந்தால், அவர்கள் உள்ளே இருப்பதாகக் கணக்கில் வராது அல்லவா? இருவருடைய மேசைகளையும் தூக்கி வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் போட்டார்கள். நூலகம் உள்ளே இருந்தது. மண்ணையும் நீரையும் வைத்துச் சோதிக்கும் கூடமும் உள்ளே இருந்தது. தோணன் ஒரு மழைக்காலம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ஒரு நாள் மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு உப்பளத்துக்கே போய்விட்டான். நன்றி கெட்டவன் என்று பொறியகத்தின் ஆண்டறிக்கை எழுதியது.

செம்பி போகவில்லை. அவள் போனால் ஏழாம் தூணுக்கு யார் இருக்கிறார்கள்? ஆற்றங்கரையில் ஒரு மண்தொட்டி கட்டி, அதற்குள் கிணற்றுச் சுவர்போல ஒரு சின்ன வளையத்தை இறக்கி, இறைத்தும் இறைக்காமலும் நூற்றுக்கணக்கான முறை சோதித்தாள். இறைத்தபோதெல்லாம் அடிமணல் கொதிக்கும் சோறுபோலப் பொங்கியது. வளையம் சாய்ந்தது. தண்ணீரை விட்டு வைத்தபோது நேராக இறங்கியது. நாலாம் ஆண்டின் முடிவில் ஆய்வேட்டை எழுதி முடித்தாள்.

கல்விநாயகம் அதை இரு கைகளாலும் வாங்கினார். ஏழு தெருவார் உங்களைச் சோதித்தால் ஓரவஞ்சனை என்று ஊர் பேசும், உங்கள் குடியைச் சேர்ந்த இரண்டு முனைவர்கள்தான் சோதிக்க வேண்டும், அதுவே நியாயம் என்றார்.

"எங்கள் குடியில் முனைவர்களே இல்லையே, ஐயா. முதல் ஆளே நான்தானே."

"முதல் ஆளாக வர வேண்டும் என்று ஏன் இத்தனை பிடிவாதம்? மூன்றாவதாக வந்தால் குறைந்தா போய்விடும், மகளே?"

அவருடைய முகத்தில் கேலி இல்லை. அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். செம்பிக்கு அதுதான் தாங்கவில்லை. அன்று முழுவதும் அவளுக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது.

இதற்குள் அரசவைத் தேர்தல் வந்தது. ஏழு தெருவாரின் மனம் பெரிதும் புண்பட்டிருப்பதாகச் சொல்லி ஒரு கட்சி வென்றது. நாற்சந்திக்கு நாற்சந்தி அந்தப் பெண்ணின் முகம்தானே இருக்கிறது, நம் பிள்ளைகளின் முகம் எங்கே என்று அழுதார்கள். வல்லபசேகரர் என்பவர் சமநிலை அமைச்சரானார். எந்தக் குடி எங்கே குறைவாக இருக்கிறது என்பதை இனிமேல் உணர்ச்சிக்கு இடங்கொடாமல் ஆதாரத்தோடு எண்ணிப் பார்ப்போம் என்று ஒரு விசாரணை வைத்தார்.

செம்பி அதை நம்பினாள். இதுநாள் வரை யாரும் ஆதாரம் கேட்டதில்லை அல்லவா? நெடியாற்றங்கரையில் தொழிலாளிகளே நட்டு வைத்த ஒரு கல் இருந்தது. தூண்கிணறுகளில் இறந்தவர்களின் பெயர்கள், எதிரே அவரவர் குடி. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பேர். அத்தனையையும் படியெடுத்துக்கொண்டு, ஆய்வேட்டையோடு விசாரணைக்குப் போனாள். எனக்குப் பட்டம் கொடுக்காமல் இழுத்தடிப்பதால் இந்தப் பட்டியல் இன்னும் நீளும் என்றாள்.

அமைச்சர் பட்டியலை வரிவரியாகப் படித்தார். படித்து முடித்ததும் அவருடைய முகம் மலர்ந்தது.

"அவையோர் கவனிக்க வேண்டும். பாலப்பணியின் இத்துணைப் பெரிய பட்டியலில் மலையார் நூற்றிருபது பேர். உப்பளத்தார் தொண்ணூற்று நான்கு பேர். ஏழு தெருவார் ஒருவர்கூட இல்லை. முந்நூறு ஆண்டுகளாக ஒருவரும் இல்லை. இந்நாட்டில் உண்மையிலேயே இடம் மறுக்கப்பட்ட குடி எது என்பது இப்போது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டிருக்கிறது."

அவை மேசையைத் தட்டியது. அரவணைப்பு உதவித்தொகை ஏழு தெருவாருக்கு மாற்றப்பட்டது. முதலில் பெற்றவர் கல்விநாயகத்தின் அக்காள் மகன் கோட்டைக்கரசு. திறப்பு விழாக்களில் கட்டும் பட்டு நாடாவின் உகந்த நீளம் என்பது அவருடைய ஆய்வு. சோதிக்க அவர் குடியில் முனைவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆறு மாதத்தில் கோல் கைக்கு வந்துவிட்டது.

செம்பி அவையில் ஒரே ஒரு மனு கொடுத்தாள். அதில் அவள் எதையும் மறுக்கவில்லை. "ஏழு தெருவாருக்கு அநீதி நடந்திருப்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்களுக்கு இடம் இல்லாமல் போனது கிணற்றுக்குள். ஆகவே அவர்களைக் கிணற்றுக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏழாம் தூணில் இப்போது ஒன்பது பேர் தோண்டுகிறார்கள். ஒன்பது இடத்தையும் விட்டுத்தரச் சம்மதிக்கிறார்கள்."

அவையில் யாரும் மேசையைத் தட்டவில்லை. அன்று பிற்பகலே ஆற்றங்கரைக்கு ஆட்கள் போய் அந்தக் கல்லைப் பெயர்த்தெடுத்தார்கள். மறுநாள் புதிய சட்டம் வந்தது. இனி பன்னாற்று நாட்டில் யார் எந்தக் குடி என்று கேட்பதும் எண்ணுவதும் எழுதுவதும் குற்றம். எல்லாரும் பன்னாற்று நாட்டார். குறை என்று சொல்ல இனி யாருக்கும் வழியில்லாததால், சமநிலை முழுமையாக எட்டப்பட்டதாக அமைச்சர் அறிவித்தார்.

அடுத்த வாரம் ஏழாம் தூணின் அடியைப் பார்க்கப் புது முனைவர் கோட்டைக்கரசு வந்தார். பந்தல் போட்டார்கள். நாடா கட்டினார்கள். தண்ணீரை இறைக்கத் தொடங்கினார்கள். செம்பி கரையில் நின்று, இறைக்காதீர்கள், ஆட்களை மேலே ஏற்றுங்கள் என்று கத்தினாள். மேஸ்திரிக்கு அவள் சொல்வது உண்மை என்று தெரியும். அவர் அவளுடைய வெறுங்கையைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்ணீர் இறைக்கும் ஏற்றம் நிற்கவில்லை. மேடையிலிருந்து, அடி தெளிவாகத் தெரிகிறது என்று முனைவர் சான்றில் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் மணல் பொங்கியது. சுவர் சாய்ந்து உள்ளே விழுந்தது. உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் மேலே வரவில்லை.

பன்னாற்று நாட்டார் ஒன்பது பேர் இறந்தனர் என்று அரசு அறிக்கை சொன்னது. ஆற்றுக்குக் கோபம் என்றும் சொன்னது.

சேதி கேட்டு மலையிலிருந்து சனங்கள் இறங்கி வந்தார்கள். அறிக்கை ஒட்டியிருந்த சுவரருகே காவலர்கள் நின்றார்கள். எந்தக் குடி என்று யாராவது வாய் திறந்தால் பிடிக்கச் சொல்லி உத்தரவு. செம்பி மாதனின் தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். பெரியவர் ஒருவர் காவலர்களைப் பார்த்தார், அவளருகே வந்து குனிந்தார்.

"நம்மாளுங்க எத்தனை பேரு தாயி?"

"அஞ்சு," என்றாள் செம்பி, காவலர்களுக்கும் கேட்கும்படி. "உப்பளத்துக்காரங்க நாலு."

ஏழு தெருவைப் பற்றி யாரும் கேட்கவில்லை.