கதவிலிருந்து ஆரம்பித்த வீடு

வீடில்லாத எல்லோருக்கும் வீடு கட்டித் தருவது என்று அரசு முடிவு செய்தது. அதே வாரத்தில் அதற்கான பணத்தைப் பாதியாகக் குறைப்பது என்றும் முடிவு செய்தது. இரண்டு முடிவுகளும் வந்து சேர்ந்த இடம் வீட்டு வசதித் துறை இயக்குநரின் மேசை. அவர் இரண்டையும் படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார், பிறகு வழக்கம்போல் கூட்டம் கூட்டினார்.

அந்தத் துறையில் ஒரு பழைய நடைமுறை உண்டு. கதவை மாட்டி, அதில் எண் பலகையை அடித்தால்தான் ஒரு வீடு முடிந்ததாகக் கணக்கு. அதற்கு முன்னால் சுவர் எழும்பியிருந்தாலும் கூரை போட்டிருந்தாலும் அது வெறும் 'பணி நடைபெறுகிறது'. ஒவ்வொரு வருஷமும் கதவுக்கு வருவதற்குள் பணம் தீர்ந்துவிடும். ஊரைச் சுற்றிக் கதவில்லாத வீடுகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. கணக்கில் வராத வீட்டை யாருக்கும் கொடுக்க முடியாது என்பதால் அவற்றில் ஆடுகள் குடியிருந்தன.

கூட்டத்துக்கு ஓர் ஆலோசகர் வந்திருந்தார். காலுறை இல்லாமல் ஷூ போடும் நவநாகரிகர். அங்கே டீ ஊற்றியவர் என் மச்சான், அதனால் இதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இருக்காது.

"நீங்க வீட்டை எங்கேருந்து ஆரம்பிக்கிறீங்க?" என்று ஆலோசகர் கேட்டார்.

"அஸ்திவாரத்திலேருந்து" என்றார் இயக்குநர், கொஞ்சம் பெருமையாக.

"அங்கதான் தப்பு. கடைசியில வர்றது கதவு. அதிலேருந்தே ஆரம்பிச்சா?"

கணக்கு அதிகாரிதான் முதலில் துள்ளினார். "சார், முதல் நாளே வீடு முடிஞ்சுடும்!"

"சுவர் இல்லைன்னா ஜனங்க ஏதாவது சொல்ல மாட்டாங்களா?" என்று இயக்குநர் இழுத்தார்.

"சார், வசதியானவங்க எல்லாம் இப்ப சுவரை இடிச்சு வீட்டை விசாலமாக்குறாங்க. நம்ம ஆளுங்களுக்கு அந்த இடிக்கிற செலவே கிடையாது" என்றார் ஆலோசகர்.

'முன்வாசல் முன்னுரிமைத் திட்டம்' அன்றைக்கே கையெழுத்தானது.

இங்கே ஒரு தையல்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், மாமியார், ஒரு தையல் மெஷின் எல்லோரும் ஒரே வாடகை அறையில். வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம், இந்த மாதக் கடைசியில் அறையைக் காலி செய்ய வேண்டும். மனிதர்கள் நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம், மெஷின் நனைந்து துருப்பிடித்தால் ஐந்து வயிறும் காயும். அதனால் வீடு ஒதுக்கியாகிவிட்டது என்று தெரிந்ததும் அந்த மனுஷர் தெருவிலேயே நின்று அழுதுவிட்டார்.

ஊருக்கு வெளியே ஒரு வெட்டவெளி. அதில் வரிசை வரிசையாக நிலை நட்டுக் கதவு மாட்டியிருந்தார்கள். எல்லாம் பச்சை வண்ணம், எல்லாவற்றிலும் எண். தையல்காரர் கதவுக்குப் பக்கத்துக் கதவு எனக்கு. திறப்பு விழாவுக்கு வந்த பிரமுகர் கவனிக்காமல் பக்கவாட்டில் நடந்து வீட்டுக்குள் போய்விட்டார். அவரைப் பணிவோடு வெளியே அழைத்து வந்து ரிப்பன் வெட்டச் சொன்னார்கள்.

தையல்காரர் தன் கதவைத் திறந்து பார்த்தார்.

"எப்படி இருக்கு?" என்றார் துறையின் பொறியாளர்.

"அந்தப் பக்கமும் இதேதான் சார் இருக்கு. சுவர் எங்க?"

"அது அடுத்த கட்டம். பணம் வரும்போது வரும்."

மாமியார் மூட்டையைக் கீழே வைத்தார். "மாப்பிள்ளை, எனக்கு எந்த ரூம்?"

"உங்களுக்கு எந்தத் திசை பிடிச்சிருக்கோ அது அத்தை."

மேகம் கறுத்ததும் தையல்காரர் இயக்குநரிடம் ஓடினார்.

"சார், மழை பெய்ஞ்சா நனைஞ்சிடுவோம்."

"கதவு வழியா தண்ணி வருதா?"

"இல்ல சார், மேலேருந்து வரும்."

"அப்ப கதவுல குறை இல்லை."

"இந்த வீடு வேண்டாம் சார். என் பேரைப் பழைய வரிசையிலயே போட்டுடுங்க."

"அது வீடில்லாதவங்க வரிசை. சொந்த வீடு இருக்கிறவர் அதுல வந்து நிக்கலாமா? உங்க மனசாட்சியைக் கேட்டுப் பாருங்க."

தையல்காரர் கேட்டுப் பார்த்தார். அது வேறு குறுகுறுக்க ஆரம்பித்துவிட்டது. பேராசைப்படுகிறோமோ என்று தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தார். எனக்கு இயக்குநர் மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை. கோபப்படுவதற்கு மனுக் கொடுக்க வேண்டியதில்லை, அதனால் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தூறல் விழுந்தபோது அவர் மனைவிதான் இடுப்பில் முந்தானையைச் செருகினாள். "யோசிச்சுக்கிட்டே நின்னா மெஷின் போயிடும். கதவைக் கழட்டுங்க!"

பக்கத்து வீட்டுக்காரர்கள் நாங்களும் ஓடிவந்தோம். எட்டுக் குடும்பம், எட்டுக் கதவு. பிடுங்கிய அவசரத்தில் கீல் ஒன்று கூடத் தேறவில்லை. ஆறு கதவுகள் மூன்று பக்கமும் சுவராயின, இரண்டு கதவுகள் கூரையாயின. கூரையில் ஒன்று என்னுடையது. அதைப் பற்றி நான் பெருமையடிப்பதில்லை, யாராவது கேட்டால்தான் சொல்வேன். நாலாவது பக்கத்துக்குத் தையல்காரர் ஒரு திரை தைத்துப் போட்டார். நடுவில் மெஷின், அதைச் சுற்றிக் குழந்தைகள், பெரியவர்களுக்குத் தலை மட்டும் உள்ளே. மேலே தொங்கிய கைப்பிடியில் மாமியார் தன் பையை மாட்டிக்கொண்டார். தையல்காரர் மெஷினைத் தடவிப் பார்த்தார். ஈரமில்லை. அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

மறுநாள் ஆய்வாளர் குடையோடு வந்தார்.

"இங்க இருந்த எட்டு வீடு எங்க?"

"எல்லாம் சேர்ந்து ஒரே வீடா ஆயிடுச்சு சார்" என்றாள் தையல்காரர் மனைவி.

"சரி, கதவு எங்க?"

"பாக்குறது எல்லாமே கதவுதான் சார்."

"நான் வாசல் கதவைக் கேக்குறேன்மா."

"வாசலுக்குத் திரை போட்டிருக்கோம்."

ஆய்வாளர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "சுவர் இருக்கு, கூரை இருக்கு, கதவு மட்டும் இல்லை. கதவில்லாத வீட்டை நான் கணக்குல எப்படிக் காட்டுவேன்? எட்டு வீட்டைத் தொலைச்சிட்டு நிக்கிறீங்களே!"

ஒரு வாரத்தில் வெட்டவெளி முழுக்க இதே மாதிரி ஆகிவிட்டது. துறை ஆடிப்போனது. கணக்கில் ஒரு வீடு கூட இல்லை. போதாக்குறைக்கு மிச்சமிருந்த பணத்தையும் அரசு பாதியாக வெட்டியிருந்தது. ஆலோசகர் மட்டும் அசரவில்லை. எங்கள் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து ஒரு பத்திரிகையில் போட்டார். அதைப் பார்த்துவிட்டு வசதியானவர்கள் பழைய கதவுகளைத் தேடி வாங்கித் தங்கள் வரவேற்பறைச் சுவரில் பதிக்க ஆரம்பித்தார்கள். பிறகு அவர் இயக்குநரிடம் சொன்னார்: "இவங்ககிட்ட கதவு நிறையவே இருக்கு சார். அசையலை, அவ்வளவுதான். ஒரு கீல் குடுத்தா சுவர்ல ஒண்ணு கதவாயிடும். வீடு முடிஞ்சுது."

'குடும்பத்துக்கொரு கீல்' என்று அறிவித்தார்கள்.

கீல் வழங்கும் நாளில் எங்கள் எட்டுக் குடும்பத்துக்கும் சேர்த்துப் பேசத் தையல்காரரைத்தான் முன்னால் தள்ளினோம். இந்தத் தடவை விடக் கூடாது, சுவரும் கூரையும் வேண்டும் என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட வேண்டும். வழி நெடுக அவர் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். குரல் கூட நடுங்கவில்லை.

மேடைக்கு எங்களுக்கு முன்னால் போன மற்ற குடும்பங்களுக்குப் பித்தளைக் கீல் கிடைத்தது, மஞ்சளாக மின்னியது. அந்தப் பெட்டி தீர்ந்து அடுத்த பெட்டியைத் திறந்தார்கள். அதில் இரும்பு. தையல்காரர் கையில் ஓர் இரும்புக் கீலை வைத்துவிட்டு இயக்குநர் கேட்டார்: "ஏதோ சொல்லணும்னு வந்தீங்களாமே?"

தையல்காரர் தன் கையைப் பார்த்தார். முன்னால் போனவர் கையைப் பார்த்தார். மூச்சை இழுத்துக்கொண்டார்.

"இது என்ன சார் நியாயம்? அவருக்கு மட்டும் பித்தளையா?"

"அதானே!" என்று கூட்டமே கத்தியது. அவர் மனைவி கத்தினாள், மாமியார் கத்தினார், என் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது.

இயக்குநர் தம் பணிக்காலத்தில் முதல்முறையாக ஒரு குறையை நின்ற இடத்திலேயே தீர்த்துவைத்தார். பித்தளைக் கீல்களை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரி இரும்பு கொடுக்கச் சொன்னார்.

மழை தூற ஆரம்பித்தது. ஒருவரும் நகரவில்லை, கைதட்டிக்கொண்டே இருந்தோம்.