வில்லனின் இடது கன்னம்

பிழை பிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்களின் கையில் வீட்டுச் சாமான்களைக் கொடுக்கக் கூடாது. நான் ஒரு மின்கம்பித் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பொறியியலாளர். கோணல், கீறல், கறை எதைக் கண்டாலும் அளப்பேன், எழுதுவேன், மறந்துவிடுவேன். ஒன்றை மட்டும் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து ஒரு கிழமை. கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த வாடகை வீட்டை மாத முடிவில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்பா நாள் முழுக்கப் பல்கனியிலேயே இருந்தார். நான் அழவில்லை, பட்டியல் போட்டேன். கொண்டு போவது, கொடுப்பது, எறிவது. (அம்மாவின் சீப்பு மூன்று நாளாக எந்தப் பட்டியலிலும் சேரவில்லை.)

கனடாவில் இருக்கும் அண்ணா விசாச் சிக்கலால் செத்த வீட்டுக்கு வரவில்லை. இந்த வீட்டிலிருந்து அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அவருடைய வில்லன். பெயர்பெற்ற படமொன்றில் மூன்று நாடுகளை எரித்தவன். ஓரடி உயரம், சாம்பல் முகம், சிவப்பு அங்கி, கையில் கோடரி. சேகரிப்பவர்களுக்கென்றே செய்த உருவம். அண்ணா தன் முதல் சம்பளத்தில் வாங்கியது. (பொம்மை என்று சொன்னால் ஒரு நாள் முழுக்கக் கதைக்க மாட்டார்.)

"அவனை ஒருக்கா வடிவாப் பாத்து வை" என்றார் தொலைபேசியில்.

பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்கிறார் என்று யாருக்கும் விளங்கியிருக்கும். எனக்கு 'வடிவாப் பார்' என்றால் உன்னிப்பாகப் பார், அதாவது பரிசோதனை.

பூதக்கண்ணாடியும் அடிமட்டமும் எடுத்தேன். பதினான்கு கேள்விகள் எழுதினேன். மூட்டுகள் அசைகின்றனவா? ஆம். பாதத்தில் தயாரிப்பு எண் உண்டா? உண்டு. ஏழாவது, கோடரி: 'முறிந்து ஒட்டப்பட்டுள்ளது, காரணம் தெரியவில்லை.' ஒன்பதாவது, முகம்: 'இடது கன்னத்தில் கறுப்புப் புள்ளி, ஐந்து மில்லிமீட்டர், சற்றே கோணல்.'

இணையத்தில் அதே வில்லனின் இருபது படங்களைப் பார்த்தேன். ஒருவனுக்கும் புள்ளி இல்லை. ஒன்று போலி, அல்லது வர்ணப் பிழை. பாவம், அண்ணாவை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தேன். ஒரே இழுப்பில் போய்விட்டது. வெறும் கறை! ஆள் அசல்தான். முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு அறிக்கையை அனுப்பினேன். கடைசி வரி: 'பிழை நீக்கப்பட்டது.'

அண்ணா உடனே கோல் எடுத்தார்.

"எடியே, கன்னத்தில இருந்தது எங்க?"

"துடைச்சிட்டன் அண்ணா. ஒரிஜினல்தான், பயப்பிடாதேங்கோ."

இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன்.

"அது அம்மா வச்ச பொட்டடி."

நான் பல்கலைக்கழக விடுதியில் இருந்த காலத்துக் கதை அது. மேல்மாடி அன்ரி வில்லனைப் பார்த்து, "என்ன வடிவான சாமான்!" என்றாராம். அடுத்த நாள் கோடரி முறிந்து விழுந்ததாம். நாவூறு என்று அம்மா முடிவுகட்டி, பிள்ளைக்கு வைக்கிற மாதிரிக் கன்னத்தில் சாந்துப் பொட்டு வைத்துவிட்டார். மூன்று நாடுகளை எரித்தவன் மேல்மாடி அன்ரியின் கண்ணைத் தாங்க மாட்டான் என்பது அம்மாவின் கணிப்பு.

"அம்மான்ர கை பட்டதெண்டு எனக்கு அது ஒண்டுதான் இருந்தது" என்றார் அண்ணா. ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

'எறிவது' பெட்டியைக் கிளறி, காய்ந்துபோன சாந்துப் போத்தலை எடுத்துத் தண்ணீர் விட்டேன். பழைய படத்தைப் பெரிதாக்கி, அடிமட்டம் பிடித்து, பல்லுக்குச்சியால் ஐந்து மில்லிமீட்டரில் ஒரு பொட்டு வைத்து அனுப்பினேன்.

"நல்ல வட்டமா இருக்கு. அம்மாக்கு வட்டம் வராது" என்று பதில் வந்தது. இரண்டாவதும் வட்டமாகத்தான் வந்தது. மூன்றாவதும். என் கைக்குக் கோணல் வரவில்லை.

அப்பா பல்கனியிலிருந்து எழும்பி வந்தார்.

"தள்ளு பிள்ளை. கொம்மா சின்ன விரலாலதான் வைப்பா."

சின்ன விரலைச் சாந்தில் தொட்டு அவரே வைத்தார், பொட்டு கோணலாய் விழுந்தது. நான் அதை அளக்கவில்லை. படத்தைப் பார்த்த அண்ணா, "ஓம், இதுதான்" என்று மட்டும் எழுதினார்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் ஒருவரும் என்னிடம் ஒரு பொருளையும் சும்மா தருவதில்லை. போன மாதம் அண்ணாவுக்கு மகள் பிறந்தாள். வீடியோவில் காட்டினார்கள். கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டு, நிச்சயமாக எட்டு மில்லிமீட்டர். நான் திரைக்குக் கிட்டக் குனிந்ததும் அண்ணா கையால் மறைத்தார்.

"வடிவாப் பாக்காதை. சும்மா பார்."