பயங்கரவாதத்துக்கு எண்ணெ

உலகத்துல எத்தனையோ அரசாங்கம் பட்டாளம் வச்சுத் தேடியும் கண்டுபிடிக்க ஏலாம போன ஒரு மருந்த, எங்கட கற்பிட்டில ஒரு மனிசன் போத்தல்ல அடச்சு வித்தாரு. பயங்கரவாதத்துக்கு மருந்து. வெளியால பூசிற எண்ணெ. காலையில ஒருக்கா, பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகு ஒருக்கா.

சிரிக்காதீங்க. நானும் சிரிச்சவன் தான்.

அவருட சொந்தப் பேரு எனக்கு இண்டைக்கும் தெரியா. ஊரே "வாதம் நானா" எண்டுதான் கூப்பிடும், நானா எண்டா எங்கட பேச்சுல அண்ணன். மூட்டுவாதம், முடக்குவாதம், இடுப்பப் பிடிக்கிற வாதம் எல்லாத்துக்கும் எண்ணெ காய்ச்சி விக்கிறவர், அது ஒரு காரணம். மத்தது, வாதம் பண்ணாம ஒரு பிளேன்ரீ குடிக்க மாட்டாரு. "இண்டைக்கு நல்ல வெயில் நானா" எண்டு சொல்லிப் பாருங்க. "எத வச்சு நல்லமெண்டு சொல்ற?" எண்டு தொடங்குவாரு. வெயில் எறங்கித்தான் கதை முடியும்.

நெஞ்ச மறைக்கிற தாடி. தோள்ல ஒரு காக்கிப் பை. பைக்குள்ள பழைய சோடாப் போத்தல்ல எண்ணெ. மூடி இல்லாததால போத்தல்ட வாய்ல துணிய முறுக்கி அடச்சிருப்பாரு. வாசம் எப்படியெண்டா, அவரு வாற பக்கம் காத்தடிச்சா ரோட்டுல நிக்கிற கழுதைகளும் மத்தப் பக்கம் போய் நிக்கும்.

நான் போட் ஓட்டுறவன். நாட்டுல சண்ட முடிஞ்ச பொறகு வெள்ளக்காரங்க கடல் கரைக்குள்ள வந்து தேங்கிற எங்கட களப்புக்கு பட்டம் விட வந்தாங்க. பட்டத்த இடுப்புல கட்டிக்கிட்டு, அது இழுக்க இழுக்க தண்ணிமேல வழுக்கிப் போற விளையாட்டு. அவங்கள உச்சமுனைத் தீவுக்கு ஏத்திப் போறது எண்ட வேல. நான் ஏழாம் வகுப்ப ரெண்டு தரம் படிச்சவன். ரெண்டாம் தரம் தான் விளங்கிச்சு, எனக்கு ஒண்டும் விளங்காதெண்டு. அப்படிப்பட்ட என்னத்தான் இங்கிலீசுக்கு மொழிபெயர்ப்பாளரா ஊர் வச்சிருந்திச்சு. ஊருட நெலம அப்படி.

காத்துக் காலத்துக்கு வருஷா வருஷம் வாற ஒரு வயசான வெள்ளக்காரர். பட்டம் விடுறதால "பட்டம் தொர" எண்டு கூப்பிடுவம். பல்கலைக்கழகத்துல எடுத்த பட்டமும் ரெண்டு மூண்டு இருந்திச்சாம். அதுகள் பறக்கல்ல.

இந்தப் பட்டமும் அந்த வாதமும் களப்போரத் தேத்தண்ணிக் கடையில சந்திச்சதுதான் எண்ட கெட்ட காலம். காத்து விழுந்துட்டா களப்பு பாலாட மாதிரி அசையாமக் கிடக்கும். எது தண்ணி, எது வானம் எண்டு தெரியாது. தூரத்துல வலை இழுக்கிறவங்க வானத்துல நடந்து போற மாதிரி இரிக்கும். எனக்கு கண் சொக்கும். அந்த நேரம் பார்த்து இவங்க ரெண்டு பேரும் குண்டப் பத்திக் கதைக்கத் தொடங்குவாங்க.

"தொர, ஒங்கட ஊர்வழிய வெடிக்க வைக்கிறானுகளே, அவனுகளுக்கு என்னதான் வேணுமாம்?"

தொர சொன்னதை எனக்கு விளங்கினபடி சொன்னன்: "தொரமார்ட சுதந்திரத்த அழிக்கணுமாம் நானா. அவங்க வாழுற விதம் பிடிக்கல்லயாம்."

"ஒங்கட சுதந்திரத்தப் பறிச்சு அவன் எங்க வைக்கப் போறான்? அலுமாரிலயா?"

கடைக்கார மாமா தேத்தண்ணி ஆத்திக்கிட்டே, "அதெல்லாம் எண்ணெக்காகப் பெரிய நாடுகள் செய்ற வேல" எண்டாரு.

"எண்ணெ வேணுமெண்டா என்னட்டக் கேக்கலாமே!" எண்டாரு நானா. பொறகு தாடிய நீவிக்கிட்டு என்னப் பார்த்தாரு. "மனே, நோக்கம் பேர்லயே இரிக்கு. பயங்கர வாதம். மூட்டுவாதம் மூட்டப் பிடிக்கும். இது பயத்தால பிடிக்கிற வாதம். செத்தவன் மௌத்தாகிட்டான், குண்டு வைக்கிறவனுக்கு அவனோட வேலயில்ல. மிஞ்சினவன்ட கைகால் வெளங்காமப் போகணும். அதுக்குத்தான் வைக்கிறான். முத்திப்போனா பக்கவாதம். பக்கத்துல இரிக்கிறவனக் கண்டாலே இழுக்கும்! சொல்லு தொரைக்கு."

எப்படிச் சொல்ற? எண்ட பையில இருந்த இங்கிலீசு அஞ்சாறு சொல்லு. "ஹி சே, டெரரிசம் இஸ் நீ பெயின்" எண்டன்.

தொர குனிஞ்சு தன்ட ரெண்டு காலையும் பார்த்தாரு. "எந்த முழங்கால்?" எண்டு கேட்டாரு.

எப்படியோ அந்தக் காத்துக் காலம் முடியிறதுக்குள்ள தொரைக்கு விசயம் விளங்கிட்டு. ஆனா ஒத்துக்கல்ல. எங்கட சமூகம் லேசில முடங்கிப் போகாது, குண்டு வெடிச்ச மறுநாளே நாங்க ரயில்ல ஏறி வேலைக்குப் போற ஆக்கள் எண்டாரு. "பார்ப்பம்" எண்டாரு நானா. தொர ஊருக்குப் போற நாள் ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சாங்க. தொரைட சட்டையில ஏறின எண்ணெ வாசம் விமானத்துலயும் போயிருக்கும்.

அடுத்த வருஷம் குண்டு தொரைட சொந்த ஊர்லயே வெடிச்சிச்சு. அவரு ஏறின ரயில்ல. அவருக்கு ஒரு கீறலும் இல்ல. காத்துக் காலத்துக்கு வந்தாரு, ஆனா அறைய விட்டு வெளியால வரல்ல. பட்டம் பையவிட்டு எழும்பல்ல. ஆராச்சும் கதவச் சாத்தினா கதிரையோட துள்ளுவாரு.

விடுதிக்கார ஹாஜியார் நானாவக் கூப்பிட்டாரு. ஹாஜியாருக்கும் தாடி இரிக்கு, ஆனா அது வெட்டிச் சீவின தாடி. "நானா, கோவிக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்க. இந்தத் தாடி, இந்தப் பை, துணி அடச்ச போத்தல். எங்கட கண்ணுக்கு எண்ணெ. அவங்கட கண்ணுக்கு பெற்றோல் குண்டு."

"சரி" எண்டாரு நானா.

அவருட வாய்ல இருந்து அந்தச் சொல்லு வந்தத அண்டைக்குத்தான் கேட்டன்.

கடைக்கு வந்து பிளேன்ரீய ஆற விட்டுட்டு இருந்தாரு. பொறகு, "மனே, தொரைக்கு என்னக் கண்டா பயமா எண்டு கேட்டுட்டு வா" எண்டாரு.

போய்க் கேட்டன். தொர நிலத்தப் பார்த்துக்கிட்டு, "அவரக் கண்டு இல்ல. அந்தப் பையக் கண்டு" எண்டாரு. பொறகு, "தாடியக் கண்டும் தான்" எண்டாரு. கண் கலங்கியிருந்திச்சு. அப்படியே வந்து சொன்னன்.

"அப்ப அவனுகள் வெண்டுட்டானுகள்" எண்டாரு நானா. "குண்டு வச்சவன்ட மூஞ்சியக் கூட நான் கண்டதில்ல. எங்கயோ இருந்துக்கிட்டு எண்ட கூட்டாளியப் பறிச்சுட்டானே."

சொல்லிட்டு எழும்பி விறுவிறெண்டு நடந்தாரு. நான் பின்னால ஓடினன். விடுதி வாசல்ல ஹாஜியார் வரவேணாமெண்டு கையக் கால ஆட்டினாரு. நானா உள்ளுக்குப் போகல்ல. தொரைட விறாந்தைக்குத் தூரத்துல, மணல்ல குந்தினாரு. தொரைட ஜன்னலுக்குத் தெரியிற மாதிரி பையத் தலகீழாக் கவுத்தாரு. ஒவ்வொரு போத்தலா எடுத்து, துணியப் புடுங்கி, எண்ணெய எடுத்துத் தன்ட முழங்கால்ல பூசினாரு. மறு முழங்கால்ல. முழங்கை. கழுத்து. கடசியில இடம் இல்லாம எண்ட கால இழுத்துப் பூசினாரு. வெயில்ல ரெண்டு பேரும் பொரிச்ச மீன் மாதிரி மினுங்கிக்கிட்டு இருந்தம்.

வாசம் விறாந்தையத் தாண்டி அறைக்குள்ள போயிட்டு. தொர கதவடிக்கு வந்து மூக்கப் பொத்தினாரு. தோள் குலுங்கிச்சு. அழுறாரா, சிரிக்கிறாரா எண்டு தெரியல்ல. மெல்ல எறங்கி வந்து, எங்களுக்கு முன்னால மணல்ல இருந்து, தன்ட முழங்கால நீட்டினாரு.

பூசி முடிய, "உச்சமுனைக்குப் போவம், நீங்களும் வாங்க" எண்டு நானாவக் கூப்பிட்டாரு. அப்பதான் ஒரு விசயம் எண்ட மண்டையில ஏறிச்சு. கடலோரம் இவ்வளவு காலம் இருந்தும் நானா போட்டுல கால் வச்சு நான் கண்டதேயில்ல.

"தொண்ணூறுல, சண்டக் காலத்துல, துவக்கு தூக்கின இயக்கக்காரனுகள் முஸ்லிம் ஆக்கள் எங்கள மன்னார்ல இருந்து வெளிக்கிடச் சொன்னானுகள்" எண்டாரு நானா. "குண்டு வைக்கல்ல. ஒலிபெருக்கியில சொன்னானுகள், அவ்வளவுதான். ஊரோட போட்டுல ஏறி இந்தக் கரையில எறங்கினன். அதுக்குப் பொறகு போட்டக் கண்டா எனக்குக் கால் எழும்பாது மனே."

"ஒங்கட எண்ணெ பூசல்லயா நானா?"

"பூசாம? அதுக்குத்தானே காய்ச்சத் தொடங்கினதே!"

இங்கிலீசுல சொன்னன். தொர எழும்பிக் கைய நீட்டினாரு. "நீங்க ஏறினா நான் பட்டம் விடுறன்."

நானா ஏறினாரு. கண்ண மூடி, கலிமா சொல்லி, தொரைட கையப் பிடிச்சுக்கிட்டு. தண்ணி படாம இரிக்க காக்கிப் பைய தொர தன்ட மடியில வச்சுக் கட்டிப் பிடிச்சிருந்தாரு. களப்பு அசையல்ல. மேகத்துக்கு மேலால போற மாதிரி இருந்திச்சு. எஞ்சின் சத்தமும் எங்கயோ தூரத்துல கேட்ட மாதிரி. நடுக்களப்புல நானா ஒரு கண்ணத் தொறந்தாரு.

"தொர, நீங்க சொன்னது பிழை. பிடிச்சுதுதானே வாதம்?"

"பிடிச்சது. ஆனா எழும்பிட்டன். அப்ப நான் சொன்னதுதான் சரி."

"எழும்பினது எண்ட எண்ணெயால!"

போகும் வரைக்கும் வாதம். ரெண்டு பேரும் வெண்டாங்க, மொழிபெயர்த்த நான் தோத்தன். உச்சமுனையில காத்து எழும்பிச்சு. தொரைட பட்டம் ஏறி ஏறிப் போக, நானா தாடிய அண்ணாந்து வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தாரு.

சண்ட முடிஞ்சு பாதை தொறந்து வருஷக்கணக்காகியும் மன்னார்ப் பக்கம் தலவச்சுப் படுக்காத மனிசன், அடுத்த வருஷம் அங்கயே குடியிருக்கப் போய்ட்டாரு, ஒரேயடியா. இப்ப எனக்கு பஸ்ஸுல எண்ணெ அனுப்புறாரு. பஸ் வாற நேரத்த கழுதைகள் எனக்கு முதல் கண்டுபிடிச்சுடும்.

எண்ட முழங்கால்ல ஒரு நோவும் இல்ல. போத்தல் முடியப்போகுதெண்டா மட்டும் நோகத் தொடங்கும்.