வலிக்காத பல்

“பல் வலிங்க” என்று சொல்லிவிட்ட பிறகுதான், எந்தப் பல் என்று முடிவு செய்யவில்லையே என்பது சுப்பராயலுவுக்கு உறைத்தது.

விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ் ஏறி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் ஒடுங்கியிருந்தார். அத்தனை சீட்டு காலியாக இருக்க, பக்கத்தில் வெங்கடாசலமா வந்து உட்கார வேண்டும்? மகள் புனிதாவைப் பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளையின் அப்பா. தையில் கல்யாணம் என்று பேச்சு. தாம்பூலம் இன்னும் மாற்றவில்லை.

சுப்பராயலு தூங்கி இருபது நாளாயிற்று. கண்ணை மூடினால் மனசு அறுவடை மெஷின் மாதிரி ஓட ஆரம்பித்துவிடும். தாயத்து கட்டியாயிற்று, வேப்பிலை அடித்தாயிற்று. கடைசியில்தான் திண்டிவனத்தில் ஒரு மனநல டாக்டரிடம் நேரம் வாங்கினார். சொந்த ஊரான முகையூரின் கண்ணில் படாமலிருக்கவே அவ்வளவு தூரம். பெண்ணின் அப்பன் பைத்தியக்கார டாக்டரிடம் போகிறான் என்றால் எந்தச் சம்பந்தி தாம்பூலம் மாற்றுவான்?

“விழுப்புரத்துல இல்லாத பல் டாக்டரா?”

“திண்டிவனத்துல நல்லா பாக்கறாங்கன்னு சொன்னாங்க.”

“கரெக்டுங்க. போன மாசம் நானும் அங்கதான் புடுங்கிக்கினு வந்தேன்.” வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டினார். “நானே கூட்டிக்கினு போறேன்.”

“உங்களுக்கு எதுக்குங்க பேஜாரு?”

“சம்பந்தி ஆவப்போறவரு வலியில துடிக்கறீங்க. உட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?”

அதுவரை துடிக்காத சுப்பராயலு துடிக்க ஆரம்பித்தார். வெங்கடாசலம் நீட்டிய வறுத்த மல்லாட்டைப் பொட்டலத்திலிருந்து ஒரு கை கடலை அள்ளி மென்ற பிறகுதான் வலி ஞாபகம் வந்தது. மெல்லாத பக்கத்துக் கன்னத்தை அவசரமாகப் பிடித்துக்கொண்டார்.

பல் டாக்டர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். “பல்லு நல்லாத்தானே இருக்குது?”

“இருபது நாளா தூக்கமே இல்லீங்க” என்று உண்மையை உளறிவிட்டார் சுப்பராயலு.

வெங்கடாசலத்தின் முகம் மாறியது. “இருபது நாளாவா?”

சுப்பராயலு ஒரு கடைவாய்ப் பல்லைத் தொட்டுக் காட்டினார். புனிதாவின் கல்யாணம் அந்த நாற்காலியிலேயே நின்றுவிடும் போலிருந்தது.

“எல்லாம் இந்தப் பல்லாலதாங்க. எடுத்துடுங்க.”

“மாத்திரை தர்றேன், ஒரு வாரம் பாக்கலாம்.”

“வேணாங்க டாக்டர். ஜல்தியா எடுத்துடுங்க.”

எடுத்தார்கள். வாசலுக்கு வந்ததும் வெங்கடாசலம் வாட்சைப் பார்த்துப் பரபரத்தார். “எனக்கு இங்க ஒரு சின்ன வேலை. நீங்க பஸ் ஏறிடுங்க.”

அவர் தலை மறையும்வரை காத்திருந்து, பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த மனநல ஆஸ்பத்திரிக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார் சுப்பராயலு. முன்மேஜையில் இருந்த ஆரோக்கியசெல்வி பெயர் கேட்டாள்.

“உப்பாயவு” என்றார். பஞ்சும் மரத்த நாக்கும் அதற்குமேல் விடவில்லை. இருபது நாளாக யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லத் தவித்தவருக்கு, சொல்ல வேண்டிய இடத்தில் வாய் இல்லை. அழுகை வந்துவிட்டது.

அவள் ஒரு தாளையும் பேனாவையும் நகர்த்தினாள்.

“எழுதிக் குடுங்க, அவசரமில்ல. உள்ள ஒருத்தரு பேசிக்கினு இருக்காரு. சம்பந்தி ஆவப்போறவருக்குப் பல்லு புடுங்கிட்டு வர்றதுக்குள்ள அவருக்கு லேட்டாயிடுச்சாம்.”