திட்டுக்குப் போட்டோ பிடித்த சேட்டிலைட்

உலகம் மொத்தமும் தன் குப்பத்துக்கு எதிராகச் சதி செய்கிறது என்பதைச் செல்போனிலேயே கண்டுபிடித்த முதல் மனிதர் எங்கள் சேட்டிலைட்தான். மரக்காணம் உப்பளங்களைத் தாண்டினால் எங்கள் குப்பம். அதன் தெருமுனையில் அவருடைய ஜெராக்ஸ் கடை. காணாமல் போன ஆட்டைக்கூட மேப்பில் தேடுவார் என்பதால் அந்தப் பெயர். ஆடு ஒருநாளும் கிடைத்ததில்லை.

எங்களுக்கும் வடக்குக் குப்பத்துக்கும் நடுவே, முகத்துவாரத்தில் ஒரு மணல் திட்டு. கரைவலை இழுக்க அதை விட்டால் வேறு இடம் கிடையாது. அது யாருடையது என்று இரண்டு ஊரும் பல காலமாக மண்டையை உடைத்துக்கொள்கின்றன. ஒருநாள் இணையக் கலைக்களஞ்சியத்தில் அது வடக்குக் குப்பத்துத் திட்டு என்று போட்டிருப்பதைச் சேட்டிலைட் பார்த்துவிட்டார்.

“பாத்தியாப்பா அநியாயத்த? உலகமே அவனுங்க பக்கம் சாஞ்சிடுச்சு.”

“உலகத்துக்கு வேற வேலை இல்லையாண்ணே?”

“நீயெல்லாம் பத்திரிகையில எழுதுற.”

உடனே திருத்தினார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் யாரோ பழையபடி மாற்றியிருந்தார்கள். மறுபடி திருத்தினார், மறுபடி மாற்றினார்கள். ரேஷன் கார்டோடு ஜனங்கள் வரிசையில் நிற்க, இவர் திட்டை மீட்டுக்கொண்டிருந்தார். எதிராளி வெளிநாட்டுக் கை என்பது அவர் முடிவு. “ஒரு எழுத்துப்பிழை இல்லப்பா. நம்ம பக்கத்து ஆளாவே இருக்க முடியாது.”

இதற்கிடையில் பேச்சுவார்த்தைக்கு அதிகாரி வருவதாகச் சேதி வந்தது. தாலுகா ஆபீஸ் பீரோவில் பழைய ரெக்கார்டெல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அதிகாரி பீரோவைத் திறக்க மாட்டார், போனைத்தான் திறப்பார் என்பது ஊரறிந்த விஷயம். சேட்டிலைட் போட்டார் ஒரே போடு. மாசி மகத்தன்று எங்கள் அம்மன் திட்டின் மேல் வீற்றிருக்க, தானே எடுத்த போட்டோவை ‘ஆதாரம்’ என்று ஏற்றிவிட்டார். அன்றைக்கு ஊரே அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தது.

கூட்டத்தில் அதிகாரி அந்தப் போட்டோவைப் பெரிதாக்கினார். வடக்குக் குப்பத்துத் தலைவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“ஐயா, அம்மன் கட்டியிருக்கிற பச்சைப் பட்டு நாங்க சாத்துனதுங்க. எடத்துக்காரங்கதான் விருந்தாளி சாமிக்குப் பட்டு சாத்துவாங்க. அம்மன் எங்க எடத்துக்கு வந்துச்சுன்னு இவரே போட்டோ போட்டிருக்காரு.”

அதிகாரி சேட்டிலைட்டிடம் திரும்பினார். “அது அவங்க பொடவையா?”

‘நம்ம பொடவைன்னு சொல்லு’ என்று பின்னாலிருந்து முப்பது குரல் கிசுகிசுத்தது. பட்டு சாத்துவது ஊரறிந்த வழக்கம்தான், போட்டோ ஏற்றிய குஷியில் மனுஷனுக்கு ஞாபகமே வரவில்லை.

“ஆமாங்க. அவங்க சாத்துனதுதான்.”

வாரத்தில் ஐந்து நாள் அவர்களுக்கு, இரண்டு நாள் எங்களுக்கு என்று முடிந்தது. மறுநாளிலிருந்து எங்கள் ஊர் ஜெராக்ஸ் எடுக்க மரக்காணத்துக்கு பஸ் ஏறியது. உலகத்தின் ஒருதலைப்பட்சத்தை எதிர்த்தவருக்கு உள்ளூர் ஒருதலைப்பட்சம் தாங்கவில்லை. ஆறு மாதம் ஈ ஓட்டிவிட்டு, கடையைக் காலி செய்து குயிலாப்பாளையம் பக்கம் போய்விட்டார்.

போன வாரம் கலைக்களஞ்சியத்தில் அந்தத் திட்டின் பக்கத்தைத் திறந்து நானும் ஒரு வரி சேர்த்தேன்: ‘தன் ஊர் தோற்கும் என்று தெரிந்தும் உண்மை சொன்ன ஒருவர் இத்திட்டுக்காகப் போராடினார்.’ டீ ஆறுவதற்குள் நீக்கிவிட்டார்கள். ஆதாரம் வேண்டுமாம்.

ஆதாரம் நான்தாண்ணே. அன்றைக்கு உங்கள் பின்னால் கிசுகிசுத்த முதல் குரல் என்னுடையது.