எழுப்புதலுக்கு ஒரு ஒத்திகை

சபை தூங்கிக்கொண்டிருக்கிறது என்ற உண்மையைப் போதகர் தம் பிரசங்கத்தில் அறிவித்தார். அந்த நேரத்தில் விழித்திருந்தவர் சபைச் செயலர் ஒருவரே. ஆகவே சபைக்கு எழுப்புதல் கொண்டுவரும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

செயலருக்குத் ‘தீர்மானம்’ என்று பட்டப்பெயர். தும்முவதென்றாலும் யாராவது முன்மொழிய வேண்டும். முன்வரிசையில், உருப்படியாகச் சுற்றும் ஒரே மின்விசிறியின் கீழே, அவருக்கு நிரந்தர இடம். மூன்று வருடத்துக்கு முன் அவருடைய சொந்தத் தம்பி, தையல்காரர், புழுக்கம் தாங்காமல் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“எந்திரிடா” என்றார் அண்ணன்.

“இது என்ன உன் வீட்டு நாற்காலியா?” என்றார் தம்பி.

அதோடு பேச்சு நின்றது. தம்பி கடைசி பெஞ்சுக்குப் போனார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதைத் தாண்டி வந்துபோனது தையல் மிஷின் சத்தமும் இருமலும்தான்.

எழுப்புதல் ஏற்பாட்டுக் குழு முறைப்படி கூடியது.

“எழுப்புதல் எப்ப வரும்னு யாரால சொல்ல முடியும்?” என்று இழுத்தார் பொருளாளர்.

“ஞாயித்துக்கிழமை பத்தரைக்கு” என்றார் செயலர். “பாட்டு முடிஞ்ச உடனே.”

“அதுக்கு முன்னாடியே யாராவது மனந்திரும்பிட்டா?”

“அந்தக் குழப்பம் வரக்கூடாதுன்னுதான் சனிக்கிழமை ஒத்திகை வச்சிருக்கேன்.”

மனந்திரும்பியவராக முன்னால் வந்து அழுவதற்கு ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. “நான் அழுதா சுருதி இறங்கிடும்” என்றார் பாடகர் குழுத் தலைவி. “நான் அழுதா வீட்ல என்னமோ சண்டைன்னு பேசுவாங்க” என்றார் போதகரின் மனைவி.

சனிக்கிழமை. மைக் ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது. “பிரியமாஆஆனவர்களே! உடைந்த உள்ளத்தோடு இருப்பவர் யாஆஆர்? எழுந்து வாருங்கள்!” என்றார் போதகர்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். மேடைத் திரைக்கு ஓரம் அடிக்க வந்திருந்த தம்பி. கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க, நேராக நடந்து அண்ணன் முன்னால் வந்து நின்றார்.

“அண்ணே… ஒரு காத்தாடிக்காக உன்கூடப் பேசாம இருந்துட்டேன். செவுத்துக்கு அந்தப் பக்கம் நீ இருமுறப்பல்லாம் மனசு கெடந்து அடிச்சுக்குது. என்னை மன்னிச்சிடுண்ணே” என்று தேம்பித் தேம்பி அழுதார்.

குழு மொத்தமும் கைதட்டியது.

“இதத்தானய்யா தேடிட்டிருந்தோம்!” என்று துள்ளினார் பொருளாளர்.

“மைக்கை மட்டும் மறைக்காதீங்க தம்பி” என்றார் போதகர்.

செயலருக்குக் கண்ணீர் முட்டியது. தம்பியின் தோளைத் தொடக் கைகூட எழுந்துவிட்டது. இப்போதே அழுது தீர்த்துவிட்டால் நாளைக்கு என்ன செய்வது? விசிறியை அண்ணாந்து பார்த்து அத்தனையையும் விழுங்கினார்.

“நல்லா இருக்கு. நாளைக்கு இதையே சொல்லு. கொஞ்சம் சுருக்கி.”

தம்பி அவர் முகத்தையே பார்த்தார். “நான் நடிக்கலண்ணே.”

“அந்த இயல்புதான் தம்பி வேணும்!” என்றார் போதகர்.

ஞாயிறன்று தம்பி வரவில்லை. நிகழ்ச்சி நிற்கக் கூடாதே! பொருளாளர் கழுத்தில் ஒரு டேப்பைப் போட்டுக்கொண்டு, தன்னைவிடப் பத்து வயது இளையவரான செயலரிடம் “அண்ணே!” என்று கதறினார். செயலர் அவரை மனதார மன்னித்தார். சேமித்து வைத்த கண்ணீர்தான் வரவில்லை. காய்ந்த கண்ணைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். சபையே விம்மியது. எழுப்புதல் குறித்த நேரத்தில் வந்து, குறித்த நேரத்தில் முடிந்தது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பிறகு எல்லாரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள்.

மத்தியானம், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்.

“உங்க தம்பிதான்” என்றார் செயலரின் மனைவி. “எந்திரிச்சு ஒரு நடை போயிட்டு வாங்களேன்.”

“இப்பவா? இந்த வருஷத்து எழுப்புதல்தான் முடிஞ்சிருச்சே.”

எழுப்பப்பட்ட களைப்பில், வீடுவீடாகச் சபை தூங்கிக்கொண்டிருந்தது. மறுபடியும் இருமல் கேட்டது. காலையில் வராத கண்ணீர் இப்போது செயலருக்கு முட்டிக்கொண்டு வந்தது.

அவசரமாக விழுங்கினார். அடுத்த வருடத்துக்கு ஆகும்.